குதிரையைச் சுற்றிய வெற்றிடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து காலையில் மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

நான் அனுப்பிய ஹால் போட்டோவில் சுவரில் இருக்கும் குதிரைப் படத்தைப் பார்த்துவிட்டு, "வாஸ்துவுக்காக மாட்டினாயா? ஏழு குதிரைக்குப் பதில் ஒன்றுதானே இருக்கிறது" என்று கேட்டிருந்தாய். வாஸ்துவெல்லாம் இல்லை. லண்டன் வந்த முதல் வருடமே மனசில் ஏறிய குதிரை அது.

பெயர் விசில்ஜாக்கெட். ராக்கிங்ஹாம் பிரபுவின் பந்தயக் குதிரை. ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கில ஓவியர் 1762 வாக்கில் வரைந்தார். அசல் இங்கே நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஒன்பதரை அடி உயரம். பின்னங்கால்களில் எழும்பி, கண்ணை மட்டும் நம் பக்கம் திருப்பி நிற்கிறது. செம்பழுப்பு உடம்பு, வெளிறிய பொன்னிறப் பிடரி. மரம் இல்லை, வானம் இல்லை, மேலே ஆளும் இல்லை. பின்னங்குளம்புகளின் அடியில் கொஞ்சம் நிழல், அவ்வளவுதான். அந்த நிழலும் இல்லாவிட்டால் குதிரை அந்தரத்தில் தொங்கும்.

வயிற்றில் ஓடும் நரம்பைக்கூட எண்ணலாம். ஸ்டப்ஸின் அப்பா தோல் வேலை செய்தவர். ஸ்டப்ஸ் லிங்கன்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் பதினெட்டு மாதம் தங்கி, செத்த குதிரைகளைக் கொக்கியில் மாட்டி, ஒவ்வொரு அடுக்காக உரித்துப் பார்த்து வரைந்திருக்கிறார். 1766-ல் அது புத்தகமாக வந்தது. அந்த நாற்றத்தில் அத்தனை மாதம் நின்ற மனுஷனுக்கு மரமும் மலையும் எதற்கு? குதிரையே போதும் என்று அவர் நினைத்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அதனால்தான் முதலில் வாங்கிய பிரிண்டைப் பிரித்தபோது வயிறு எரிந்தது. வெறும் இடம்தானே என்று நாலு பக்கமும் நறுக்கி, ஃபிரேம் அளவுக்கு அடக்கியிருந்தார்கள். காது விளிம்பில் இடித்தது, வால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. துள்ளி எழுந்த குதிரை லாயத்தில் அடைபட்ட மாதிரி ஆகிவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டு, அசலின் விகிதத்திலேயே, அறுபது சென்டிமீட்டர் உயரத்துக்கு ஐம்பது அகலமாக, மேட் தாளில் அடிக்கச் சொன்னேன். மெல்லிய மரச்சட்டம். முதலில் ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன். கண்ணாடியில் தெருதான் தெரிந்தது. இப்போது பக்கத்துச் சுவரில், கண் மட்டத்தில் இருக்கிறது. அந்தச் சுவரில் வேறொன்றும் மாட்ட விடமாட்டேன். கடிகாரம்கூட சமையலறைக்குப் போய்விட்டது.

நகலை மாட்டுவதில் எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. அப்புறம் யார்க்ஷயரில் வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் மாளிகைக்குப் போனேன். ராக்கிங்ஹாமின் வீடு அதுதான். விசில்ஜாக்கெட் அறை என்றே ஒன்று இருக்கிறது. அங்கே தொங்குவதும் நகல்தான்! 1997-ல் நேஷனல் கேலரி 1.1 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியிருக்கிறதே, அசல் எப்படி அங்கே இருக்கும்? அந்த அறையில் நின்றபோது கூச்சம் போய்விட்டது.

சரி, உன் புது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சோபாவுக்கு மேலே இருக்கும் சுவரை அளந்து எழுது. ராக்கிங்ஹாமுக்காக ஸ்டப்ஸ் வரைந்த இன்னொரு படம் இருக்கிறது: தாய்க் குதிரைகளும் குட்டிகளும். அதிலும் பின்னணி இல்லை. அகலவாக்கில் நீண்ட படம், உன் சுவருக்குப் பொருந்தும். பிரிண்டைச் சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்புகிறேன். ஃபிரேம் போடுகிறவரிடம் ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடு.

உன் பழைய அறைத்தோழன்