பாட்டு எடுபடவில்லையா? மைக்கை ஏற்றாதீர்கள்

ஆசிரியருக்கு,

மார்கழிக் கச்சேரி என்றாலே ரசிகர்களிடம் ஒரு குறை எழும்: "பாட்டே எடுபடவில்லை, மிருதங்கம்தான் காதை அடைக்கிறது." சபாக்களில் இதற்கு ஒரே வைத்தியம், பாடகரின் மைக்கை ஏற்றுவது. உடனே பக்கவாத்தியக்காரர் தம்முடையதையும் ஏற்றச் சொல்வார். பத்து நிமிடத்தில் அரங்கமே அதிரும். பாட்டு மட்டும் முன்பு போலவே அமுங்கிக் கிடக்கும்.

ஏன் என்று பார்ப்போம். நம் செவிக்குழல் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ள, ஒரு முனையைச் செவிப்பறை அடைத்த குழாய். அதனால் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை அது தானாகவே பெருக்கிக் கொடுக்கிறது. பயிற்சி பெற்ற குரலின் 'கணீர்' இருப்பதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். ஸ்வீடனின் குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் ஆப்பரா பாடகர்களிடம் இதை அளந்து விளக்கினார். குரல்நாண்களுக்குச் சற்று மேலே ஒரு குறுகிய குழாய் உண்டு. அதற்கு மேலுள்ள தொண்டை அதைவிட ஆறு மடங்காவது அகன்றிருந்தால், 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலி குவிகிறது. ஆர்கெஸ்ட்ராவின் பலமெல்லாம் 500 ஹெர்ட்ஸைச் சுற்றித்தான், 3,000-ல் வெகுவாகத் தேய்ந்துவிடும். அத்தனை வாத்தியங்களையும் மீறி ஒற்றைக் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் போவது இப்படித்தான்.

கர்நாடகப் பாடகர்கள் தொண்டையை ஆப்பரா போல வைத்துக்கொள்வதில்லை. ஆனால் கேட்கும் காது அதே காதுதான். அகார சாதகம் ('ஆ' என்று நீட்டிப் பாடும் பயிற்சி) செய்த குரலில் மேல் ஷட்ஜத்தில் (மேல் 'ஸ') கார்வையாக நீண்டு நிற்கும்போது கேட்கும் இனிய நாதத்துக்கு மேல் அதிர்வெண்கள் கெடாமல் வந்தாக வேண்டும். அவற்றைக் கெடுப்பது தாழ்ந்த ஒலி. அது பலமாக ஆக, தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைக்கும் வீச்சும் விரியும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை பாடகரின் சுருதிக்கே சேர்க்கப்படுகிறது. அதன் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் உயர்ந்த ஒலிகள்) இசைவாக அமைவதை சி.வி. ராமன் 1920-லேயே எழுதினார். குரலும் வலந்தலையும் ஒரே அதிர்வெண் பகுதியில் ஒலிக்க, கீழிருந்து இடப்பக்கமான இடந்தலையின் கும்கி என்னும் தாழ்ந்த முழக்கமும் சேர்ந்துகொள்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றினால் முதலில் புதைவது குரலின் கணீர்தான்.

ஆகவே குறைப்பதில் தொடங்குங்கள். முதலில் மேடை மானிட்டரை (மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான ஒலிபெருக்கியை) 3 டெசிபல் இறக்குங்கள். அதன் ஒலி பாடகரின் மைக்குக்குள்ளேயே திரும்பப் புகுந்து குரலைக் குழப்புகிறது. பிறகு இடந்தலை மைக்கை இறக்குங்கள். பாடகரின் மைக் உதட்டிலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் அடித்தொனி பெருகி, குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலாகும். லோ கட் (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி) போடும்போது சுருதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1 கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி 'ப') 98 ஹெர்ட்ஸ், வெட்டும் எல்லை 80-ஐத் தாண்டினால் அது மெலியும். 5 கட்டைப் பெண் குரலுக்கு 120 வரை வெட்டலாம். இவ்வளவும் செய்த பிறகும் மந்தமாக இருந்தால் 300 ஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். 3,000-ஐ ஏற்றுவது கடைசி வழி, அதுவும் 2 டெசிபலுக்கு மேல் வேண்டாம். மீறினால் குரல் கீச்சிடும், மைக்கும் ஊளையிடும்.

பாடகர் வயலின் பக்கம் திரும்பி ஒரு சங்கதி பாடினால் குரல் சட்டென்று மங்கும். மேல் அதிர்வெண்கள் வாய்க்கு நேர் எதிரே போகிறவை, பக்கவாட்டில் குறைவு. அந்த நொடியில் மைக்கை ஏற்றாதீர்கள், அவர் திரும்பி வந்ததும் காதைக் கிழிக்கும்.

மீட்டரை நம்பியும் பயனில்லை. கணீருக்குரிய சக்தி மொத்த ஒலியில் சிறு பங்குதான், முள் அசையாமலே காது வித்தியாசத்தை உணரும். ஒலி இரு மடங்காகத் தோன்ற 10 டெசிபல், அதாவது ஆம்ப்ளிஃபையரில் பத்து மடங்கு சக்தி வேண்டும். அந்தச் சுமையைத் தாங்குவது முன்வரிசைக் காதுகள். 85 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரத்தில் பாதி என்பது தொழிலிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. அந்தக் கணக்கில் 91 டெசிபலுக்கு 2 மணி நேரம்தான். முழுக் கச்சேரி இரண்டரை மணி நேரம் நடக்கிறது.

இப்படிக்கு,
ஒலியமைப்பாளர், ஸ்ரீரங்கம்