டிரிகர் தொகுப்பைத் திருத்தி அனுப்புங்கள்: நம் கில்டின் ரெய்டுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எவர்குவெஸ்ட் என்ற இணைய ஆட்டத்தில் நம் கில்டின் (ஆட்டக்காரர் குழுவின்) ரெய்டுகளை, அதாவது பலர் சேர்ந்து பெரிய எதிரிகளைத் தாக்கும் படையெடுப்புகளை, நடத்தும் தலைவர்களுக்கு வணக்கம்.

ரெய்டுக்கு வருவோர் அனைவரும் ஜினா மென்பொருளில் கில்டின் டிரிகர் தொகுப்பை (எந்த வரி விழுந்தால் எந்த எச்சரிக்கை வர வேண்டும் என்ற விதிகளை) ஏற்றியிருக்க வேண்டும் என்ற உங்கள் விதியை நான் எதிர்க்கவில்லை. 1999 மார்ச்சில் வெளிவந்த இந்த ஆட்டம் நடப்பவற்றில் பெரும்பகுதியை இன்றும் எழுத்தாகவே கொட்டுகிறது. பெருங்கூட்டமாக ஒரு டிராகனைத் தாக்கும்போது சாட் பெட்டியில் ஓடும் வரிகளை யாராலும் படித்து முடிக்க இயலாது. ஆட்டத்தில் நடப்பவை வரிவரியாகப் பதிவாகும் லாக் கோப்பில் குறித்த வரி விழுந்தவுடன் குரல் கொடுத்து டைமரையும் ஓடவிடும் மென்பொருள் நமக்குத் தேவைதான். என் முறையீடு தொகுப்பின் உள்ளடக்கத்தைப் பற்றியது.

என்சாண்டர்கள் (மந்திரத்தால் எதிரிகளைக் கட்டுப்படுத்தும் கதாபாத்திர வகுப்பினர்) எதிரியை மயக்கிச் செயலற்று நிற்கவைக்கும் என்த்ரால் மந்திரத்துக்கான டிரிகரை எடுத்துக்கொள்வோம். அது, மந்திரத்தை ஓதத் தொடங்கும்போது விழும் வரியைப் பிடித்து 48 விநாடி டைமரைத் தொடங்குகிறது. ஓதுதல் பாதியில் கலைந்தாலும் எதிரி ரெசிஸ்ட் செய்து மந்திரத்தைத் தடுத்தாலும் டைமர் நிற்பதில்லை. திரையில் ஓடும் பட்டையை நம்பி நான் அடுத்த எதிரியிடம் திரும்புவதற்குள், மயங்கவே மயங்காத முதல் எதிரி, நம்மைக் குணப்படுத்தும் கிளெரிக்கின் மேல் பாய்ந்திருக்கும். எதிரி மயங்கியதைச் சொல்லும் வரியிலிருந்தே டைமர் தொடங்க வேண்டும். அந்த வரியிலுள்ள எதிரியின் பெயர் டைமரின் பெயரிலும் சேர வேண்டும். ஒரே பெயரில் இரண்டு எதிரிகள் நின்றால் லாக்கில் அவற்றைப் பிரித்தறிய வழியில்லை என்பதால், ஓடும் டைமரை மீண்டும் தொடங்காமல் புதிய டைமரைத் தொடங்கும் தேர்வே இங்கு பொருந்தும். மயக்கம் கலைந்ததாக வரி விழுந்தால் டைமர் முன்கூட்டியே முடியுமாறும் அமைக்க வேண்டும். சர்வர் மந்திரங்களின் காலத்தை டிக் எனப்படும் 6 விநாடி அலகுகளில் கணக்கிடுவதால் 48 என்பதும் துல்லியமான எண்ணன்று. முடிவதற்கு 10 விநாடி முன்பே எச்சரிக்கை ஒலித்தால்தான் மறுபடி ஓத அவகாசம் கிடைக்கும்.

அடுத்தது பொய் எச்சரிக்கை. பாஸின் (ரெய்டில் நாம் தாக்கும் தலைமை எதிரியின்) அறிவிப்பு வாசகத்தை யாரேனும் கில்டு சாட்டில் வேடிக்கையாகத் தட்டினால்கூட அனைவருடைய காதிலும் "ஓடு" என்ற குரல் ஒலிக்கிறது. (தட்டுபவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும்.) வரியின் வடிவத்தை வரையறுத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் பயன்படுத்தி, தேடும் வாசகத்தின் தொடக்கத்தில், வரியின் தொடக்கத்தைக் குறிக்கும் ^ குறியைச் சேர்த்து, பாஸின் பெயரிலிருந்தே வரி தொடங்க வேண்டும் என்று வரையறுத்தால் போதும், சாட் வரிகள் பேசியவரின் பெயரில் தொடங்குவதால் அவை தாமாகவே விலகிவிடும்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் குரலாகக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டுகிறேன். கம்ப்ளீட் ஹீல் என்ற குணப்படுத்தும் மந்திரத்தை ஓத 10 விநாடி ஆகும் என்பதால், அதை மாறி மாறி ஓதும் கிளெரிக்குகளின் வரிசைக்கு முறை அறிவிப்பு இன்றியமையாதது. வாரியருக்கோ என்சாண்டருக்கோ அது வெறும் இரைச்சல். ஜினாவில் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் வேண்டிய டிரிகர் குழுக்களை மட்டும் இயக்கும் வசதி இருக்கிறது. ஆகவே, தொகுப்பை வகுப்பு வாரியாகப் பிரித்து, அனைவருக்கும் பொதுவான குழுவில் உயிர்போகும் எச்சரிக்கைகளை மட்டும் வைத்து, அடுத்த ரெய்டுக்கு முன் அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என்சாண்டர் பகுதியைத் திருத்தி எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ரெய்டுகளில் மயக்கும் பணியிலுள்ள ஓர் என்சாண்டர்