என்ற பேரச் சொல்லிக் கூப்ட்டவங்களுக்கு ஒரு நன்றிங்க

வணக்கமுங்க. என்ற வீடியோவுல நான் போடற மாட்டுத் தரகர் வேசத்துப் பேருல, தரகு மாமா பேசறேன்னு டைப் பண்ணத்தான் கை போச்சு, அழிச்சுப்போட்டு மறுக்கா ஆரம்பிக்கறேன். பத்து மாசமா வீடியோவக் காணோம், சேனல வித்துப்போட்டானா, சினிமா சான்ஸ் வந்து எகிறிட்டானான்னு ஆளாளுக்கு கேட்டுட்டு இருக்கறீங்க. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, மனசுதான் செரியில்லாமப் போச்சு. இப்ப தேவல. தேத்தி விட்டவங்களுக்குத்தான் இது.

போன ஆவணில அப்புச்சி, அம்மாவப் பெத்தவரு, தவறிட்டாரு. காங்கேயத்துப் பக்கம், அப்புச்சி ஊட்டு வாசல்ல கெடத்தியிருக்குது, நான் கால்மாட்டுல நின்னு அழுதுட்டே தோள்ல கெடந்த துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சு, ஒரு ஒதறு ஒதறி, இடது தோளுக்கு மாத்திப் போட்டேன். அக்கட்டால நின்ன ரெண்டு பசங்க சிரிச்சுட்டானுக. வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், மாட்டு வெல படியலைன்னா தரகு மாமா அப்படித்தான் துண்ட ஒதறி தோள் மாத்துவாப்புல. பசங்க மேல கோவமே இல்லீங்க. எனக்கே சந்தேகம் வந்துபோச்சு, இப்ப அழுதது நானா அவனான்னு. அன்னைக்குப் புடிச்சதுதான்.

அதுக்கப்பறம் ராத்திரில தூக்கமில்ல, பழைய கமெண்டெல்லாம் தோண்டித் தோண்டிப் படிக்கறது. நாலு லட்சம் பேரு சிரிச்சது கண்ணுல படாது, இவனுக்கு நடிக்கவே தெரியாது ஊருப்பேச்ச வெச்சு ஓட்டறான்னு எவனோ ஒருத்தன் போட்டது மட்டும் ஒட்டிக்கும். அவன் சொல்றதும் நெசந்தானேன்னு படும். துண்டு சந்தைல பாத்த தரகரோடது, பேச்சு அப்புச்சியோடது, காமெடி கேமரா தம்பி எழுதறது, இதுல என்றதுன்னு என்ன இருக்குது, என்னைக்காவது ஒரு நாளு ஊரே கண்டுபுடிச்சுப் போடும்னு பயம். மொதல்ல போன எடத்துல டாக்டர் என்னயப் பாத்ததும், அட நம்ம தரகு மாமா, ஒரு டயலாக் சொல்லுங்கன்னுட்டாரு. சொன்னேனுங்க. சொல்லிப்போட்டு மாத்திரகூட வாங்காம வந்துட்டேன்.

ஒரு நாளு வெடியக்கால மூணு மணிக்கு 14416க்கு அடிச்சேன். மனசு செரியில்லாதவங்க பேசறதுக்கான அரசாங்க நம்பருங்க, காசில்ல, ராப்பகலா எடுக்கறாங்க. எடுத்த அம்மிணிக்கு நான் ஆருன்னே தெரியல. பேரு கேட்டாங்க, சொன்னேன், முக்கா மணி நேரமும் அந்தப் பேரச் சொல்லியேதான் பேசுனாங்க. அம்மிணி, உங்க பேரு எனக்குத் தெரியாது, நீங்க இதப் படிக்கமாட்டீங்க, இருந்தாலும் மொத கும்புடு உங்களுக்குத்தான்.

அப்பறம் கோயமுத்தூர் டாக்டரம்மா. நம்ம கெட்டிக்காரத்தனமெல்லாம் டூப்பு, ஒரு நாளு மாட்டிக்குவோம்னு தோணறதப் பத்தி 1978லயே அமெரிக்காவுல பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு பேரு எழுதிட்டாங்க, நீங்க ஒண்ணும் புதுசில்லைன்னாங்க. அங்கதான் கேரி கிராண்ட் கதையும் கேட்டேன். ஹாலிவுட்ல அந்தக் காலத்துல கோட்டு சூட்டுன்னா அவருதான். நெசப்பேரு ஆர்ச்சி லீச், இங்கிலாந்துல பிரிஸ்டல்ல 1904ல பொறந்த ஏழை ஊட்டுப் பையன். சின்னதுல உங்கம்மா ஊருக்குப் போயிருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க, நெசத்துல மனநல ஆஸ்பத்திரில விட்டிருந்தாங்க, அந்தம்மா உசுரோட இருக்குதுன்னு தெரியறப்ப இவருக்கு முப்பது தாண்டிப்போச்சு. 1931ல பாராமவுண்ட் கம்பெனில சேரறப்ப பேரு மாறுச்சு. எல்லாரும் கேரி கிராண்டா இருக்க ஆசப்படறாங்க, எனக்கும் அதே ஆசதான்னு சொன்னதாச் சொல்லுவாங்க. 1940ல வந்த ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே படத்துல ஒரு வசனத்துல, ஆர்ச்சி லீச்னு ஒருத்தன் கழுத்த அறுத்துக்கிட்டான்னு போறபோக்குல சொல்லுவாரு. தன்ற பேருங்க அது! ஊட்டுக்கு வந்து அந்த வசனம் வர்ற எடத்த மட்டும் நாலு தடவ பாத்தேன். பின்னாடி 1950கள் கடைசில டாக்டர வெச்சு எல்எஸ்டிங்கற போதை மருந்துகூட எடுத்துப் பாத்தாரு, அப்ப அது சட்டப்படி குத்தமில்ல. எனக்கு எழுதுனது ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரையும் பொழுதோட நடையுந்தான், பயந்துராதீங்க.

இதெல்லாம் சொன்னா என்ற ஊட்டுக்காரி, அதுக்கு ஹாலிவுட் வரைக்கும் எதுக்குப் போறீங்க, சூலூர்ப் பக்கத்து சிவகுமார் சாரு பழனிச்சாமி, சத்யராஜ் சாரு ரங்கராஜு, கவுண்டமணி சுப்பிரமணி, அவங்கெல்லாம் ரெண்டு பேர வெச்சுப் பொழைக்கலையான்னா. பத்து மாசமா வண்டி ட்யூ கட்டுனது அவ தையல் காசுலதான். அதுக்கு இங்க நன்றி சொன்னா திட்டுவா, இருந்தாலும் சொல்றேன்.

கன்னபுரம் சந்தைல எனக்குத் தொழில் காட்டிக் குடுத்த தரகருங்கய்யா சித்திரைல ஊட்டுக்கே வந்துட்டாரு. ஒரு வார்த்த கேக்கல. திண்ணைல உக்காந்து என்ற கையப் புடிச்சு மேல துண்டப் போட்டுட்டாரு, சந்தைல துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெல பேசற மாதிரியே. துண்டுக்குள்ள அந்தக் கை கவுறு இழுத்து இழுத்து மரக்கட்டையா இருக்குது. சித்த நேரம் செண்டு நானா அவரு வெரலு ரெண்டப் புடிச்சேன். ரெண்டு மணி நேரந்தான் தூக்கம்னு அர்த்தம். அவரு அஞ்சையும் அமுக்கிப்போட்டு எந்திரிச்சுட்டாரு. துண்டு உங்களோடதுங்கய்யா, உங்களப் பாத்துத்தான் செஞ்சேன்னு சொன்னதுக்கு, நான் எங்கப்பனப் பாத்துச் செஞ்சேன், போடான்னாரு.

கேமரா தம்பிக்கு, லைட் வாடகைய இன்னும் கேக்காத பழனியாண்டவர் நகர் அண்ணனுக்கு, கமெண்ட் ஆப்ப போன்ல இருந்தே தூக்குன மச்சானுக்கு, எல்லாத்துக்கும் கும்புடுங்க. அம்மாவுக்குந்தான். நான் எந்திரிக்கவே மாட்டேன்னு படுத்துக்கெடந்த நாள்லகூட, மணியா, கட்டுத்தாரைல மாட்டுக்குத் தட்டு போட்டுட்டு வான்னு வெரட்டிட்டே இருந்துச்சு. மாடு என்னயப் பாத்துச் சிரிக்கலீங்க.

வர்ற ஆவணில அப்புச்சிக்கு வருசாந்திரம். மேல சொன்னவங்க அத்தன பேரும் வந்தே ஆகணும், அரிசிம்பருப்புஞ்சாதமும் நெய்யுந்தான், எச்சா ஒண்ணுமில்ல. போன மட்டும் வண்டிலயே வெச்சுட்டு வந்துருங்க சாமி.

மணி