யூனிட் விலை இறங்கியது, என் பில் ஏறியது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இதைப் படிக்கப்போகும் மனிதருக்கு (மனிதர்தான் என்று நம்பி எழுதுகிறேன்), வணக்கம்.

ஐந்து மாதம் முன்னால் நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். மின் கட்டணத்தைக் குறைத்துவிட்டோம், வாடிக்கையாளர் சேவையை மேம்படுத்திவிட்டோம், எங்களோடு இணைந்திருங்கள் என்று இருந்தது. இணைந்திருக்காமல் எங்கே போவது, எங்கள் தெருவுக்கு வரும் கம்பி உங்களுடையது மட்டும்தான். ஆனாலும் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்து வந்த பில்லும் குறைவாக இருக்கவே, சொன்னதைச் செய்துவிட்டார்களே என்று வீட்டில் உங்களைப் புகழ்ந்து வேறு பேசிவிட்டேன். இப்போது அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்கிறார்கள்.

இரண்டாவது பில்லில்தான் விஷயம் வெளியே வந்தது. 378 யூனிட் என்று போட்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டை நாங்கள் தாண்டியதே இல்லை, தாண்டினால் அடுத்த ஸ்லாப், விலை கூடும் என்று தெரிந்துதான் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறோம். என்னடா இது என்று பழைய பில்லை எடுத்துப் பார்த்தால், அதில் 210 யூனிட் என்பதற்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் "உத்தேசம், கதவு பூட்டு" என்று இருக்கிறது. அதாவது அந்த முறை யாரும் ரீடிங் எடுக்கவே வரவில்லை, பழைய கணக்கைப் பார்த்து ஒரு எண்ணைப் போட்டுவிட்டார்கள். எங்கள் மீட்டர் தெருவைப் பார்த்த காம்பவுண்டு சுவரில், வெளிப்பக்கம் இருக்கிறது. கதவு பூட்டியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன? நாய்கூடக் கிடையாது.

இனி கணக்குக்கு வருகிறேன். மாதம் பிறந்தால் மீட்டரைப் படம் எடுத்து வைப்பது என் பழக்கம். அந்த உத்தேச பில் போட்ட மறுநாள் எடுத்த படத்தில், அதற்கு முந்தைய ரீடிங்கைவிட 295 யூனிட்தான் கூடியிருக்கிறது. 210, 378 இரண்டையும் கூட்டினால் 588. அதில் 295 போனால் மீதி 293. ஒழுங்காக வந்து ரீடிங் எடுத்திருந்தால் இரண்டு தடவையும் 300-க்குள் முடிந்திருக்கும். நீங்கள் முதலில் குறைத்து எழுதியதால், எழுதாமல் விட்ட யூனிட் எல்லாம் அடுத்த பில்லில் வந்து குவிந்து, 300-ஐத் தாண்டிய 78 யூனிட்டுக்கு அடுத்த ஸ்லாப்பின் கூடுதல் விலை விழுந்திருக்கிறது. நான் எரித்த கரண்ட் ஒரு யூனிட்கூடக் கூடவில்லை, நீங்கள் எழுதிய விதம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

இதைச் செயலியில் புகாராகப் போட்டேன். ஆறு மணி நேரத்தில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று வந்தது. யார் தீர்த்தார்கள், எப்படித் தீர்த்தார்கள், ஒன்றும் இல்லை. அதே புகாரை மறுபடி திறக்கவும் வழியில்லை, புதிதாகத்தான் போட வேண்டுமாம். அப்படியென்றால் உங்கள் ஏட்டில் என் ஒரு பிரச்சினை, தீர்ந்துபோன இரண்டு புகார். சேவை மேம்பட்டது இப்படித்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது.

சரி, போனில் பேசிப் பார்ப்போம் என்று அழைத்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, இணைப்பு எண்ணைச் சொல், திரும்பச் சொல் என்று நாற்பது நிமிஷம் போன பிறகு ஒருவர் கிடைத்தார். பொறுமையாகத்தான் கேட்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிவில், "மீட்டர் ஓடுவது கோளாறாக இருக்கலாம் சார், பரிசோதனைக் கட்டணம் கட்டுங்கள், ஆள் அனுப்புகிறோம்" என்றார். நான் மீட்டரைக் குறை சொல்லவே இல்லையே!

இருந்தாலும் அதையும் பார்த்துவிட்டேன். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை என்று அதன் முகப்பிலேயே அச்சடித்திருக்கிறது. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, பிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கி, தண்ணீர் சுடவைக்கும் 1000 வாட் ராடை மட்டும் ஒரு வாளியில் போட்டு ஓடவிட்டேன். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், ஆக நிமிஷத்துக்கு சுமார் 53 தடவை மினுக்க வேண்டும். கையில் கடிகாரத்தோடு தெருவில் நின்று எண்ணினேன், போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். 51 வந்தது. அன்றைக்கு வோல்டேஜ் கொஞ்சம் குறைவு, ராடும் அதற்கேற்பக் குறைவாகத்தான் இழுக்கும், ஆகவே மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது. கோளாறு கணக்கு எழுதிய இடத்தில்.

இன்னொன்று. யூனிட் விலையைக் குறைத்த அதே கையோடு நிலைக்கட்டணத்தை ஏற்றியிருக்கிறீர்கள், அது மட்டும் குறுஞ்செய்தியில் இல்லை. கம்பிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் ஆள் சம்பளத்துக்கும் கரண்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலவு உண்டு, அது எனக்கும் புரிகிறது. ஆனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? மூன்று ஏசி ஓடும் வீட்டுக்கு யூனிட் விலை குறைந்தது நன்றாகவே தெரியும். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், இரண்டு லைட்டு, ஒரு பேன், ஒரு பழைய டிவி, அவ்வளவுதான். அவர் பில்லில் பாதிக்கு மேல் நிலைக்கட்டணம்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். விலை குறைந்த பிறகு அவர் முன்பைவிட அதிகம் கட்டுகிறார், பில்லை என்னிடம் கொண்டுவந்து "குறைச்சுட்டாங்கன்னு சொன்னியேப்பா" என்று கேட்கிறார். நான் என்ன சொல்வது?

போன மழையில் ராத்திரி இரண்டு மணிக்குக் கம்பத்தில் ஏறி எங்கள் லைனைச் சரிசெய்துவிட்டு, காப்பிகூட வேண்டாம் என்று அடுத்த தெருவுக்கு ஓடிய லைன்மேன்களும் உங்கள் ஆட்கள்தான். அவர்களிடம் யாரும் நட்சத்திரம் கேட்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். 588 யூனிட்டை 295, 293 என்று பிரித்து இரண்டு பில்லையும் திருத்தி, கூடுதலாகப் போட்ட தொகையை நீக்குங்கள். அதுவரை தாமதக் கட்டணம் போடவோ, கட்டவில்லை என்று பியூஸைப் பிடுங்கவோ வேண்டாம், 300 யூனிட் வரைக்குமான தொகையை ஏற்கெனவே கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது. முடியாது என்றால் எந்த விதிப்படி முடியாது என்று எழுத்தில் சொல்லுங்கள், அதை வைத்து மேலே எங்கே போக வேண்டுமோ அங்கே போகிறேன். பதில் எழுதுபவர் தன் பெயரைப் போட்டு எழுதட்டும்.

மீட்டர் படங்களையும் இரண்டு பில்லையும் இணைத்திருக்கிறேன். அடுத்து ரீடிங் எடுக்க வருகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: மீட்டர் வெளிச்சுவரில் இருக்கிறது, கதவைத் தட்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
வேறு கம்பி இல்லாததால் உங்களோடு இணைந்திருக்கும் வாடிக்கையாளர்