மாசாய் மாராவுக்குப் புறப்படும் பயணக் குழுக்களுக்கும் அவற்றை அழைத்துச் செல்லும் நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஜூலை பிறந்தால் நம் ஊர்களிலிருந்து கென்யாவுக்குக் கிளம்பும் குழுக்கள் பெருகிவிடுகின்றன. தான்சானியாவின் செரங்கெட்டிப் புல்வெளியிலிருந்து வடக்கே கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்துக்கு வரும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கூட்டங்களைக் காணப் பலர் ஆண்டுக்கணக்கில் பணம் சேர்க்கிறார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். எனக்கும் அது இருந்தது. அங்கே முன்பின் அறியாத சக பயணிகளோடு ஒரே வண்டியில் ஒரு பகல் முழுவதும் சுற்றியபோது கண்டவை என்னை இதை எழுத வைக்கின்றன. நான் கேட்பது ஒன்றுதான்: ஓட்டுநரிடம் "இன்னும் கிட்டே போங்கள்" என்று சொல்லாதீர்கள்.

எங்கள் வண்டி கூரை திறக்கும் லேண்ட் குரூசர். ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, பெரிய லென்ஸ்களோடு வந்த அண்ணன் தம்பி இருவர், ஒரு தாயும் அவருடைய கல்லூரி மகளும், நான். காப்பகத்தின் செகெனானி வாயிலில் விடியும் முன்பே வண்டிகள் வரிசை கட்டியிருந்தன. ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு நாளைக்கு 200 டாலர். காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் அது செல்லும். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு அந்த வரிசையிலேயே தொடங்கிவிடுகிறது.

சிறிது நேரத்தில் ரேடியோவில் சுவாஹிலியில் பேச்சு பரபரத்தது. "டூமா" என்றார் எங்கள் ஓட்டுநர், அதாவது சிவிங்கிப்புலி (சீட்டா). நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு கரையான் புற்றின் மேல் தாய் நின்றிருந்தது. கீழே புல்லில் மூன்று குட்டிகள். தொலைவில் மேய்ந்துகொண்டிருந்த தாம்சன் மான்களிலேயே அதன் கண் இருந்தது. அதற்கும் மான்களுக்கும் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வந்து நின்றன. இருபதுக்குக் குறையாது. என்ஜின் இரைச்சல், டீசல் நாற்றம், ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்குக் கூச்சல். தாய் இரண்டு முறை இறங்கி முன்னேறப் பார்த்தது. இரண்டு முறையும் ஏதோ ஒரு வண்டி குறுக்கே நகர்ந்தது. மான்கள் கலைந்தன. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அது வெறும் வயிற்றோடு நடந்து போனது.

இதன் கொடுமை புரிய வேண்டுமானால் அந்த விலங்கின் வாழ்க்கை தெரிய வேண்டும். சிங்கமும் கழுதைப்புலியும் இரவில் ஆள்வதால் சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில்தான் வேட்டையாடுகிறது. அதாவது நாம் ஊர் சுற்றும் அதே நேரத்தில். அதன் ஆயுதம் வேகம் மட்டும்தான், அதுவும் சில நூறு மீட்டருக்குத்தான். ஓடி முடித்தால் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். அந்நேரம் கழுதைப்புலி வந்தால் பிடித்த இரையையும் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். ஒரு வேட்டையை நாம் கெடுத்தால் குட்டிகளுக்கு ஒரு வேளை உணவு போயிற்று.

இது என் கண்ணில் பட்ட ஒரு காலையை வைத்துச் சொல்வதல்ல. மாரா பகுதியில் சிவிங்கிப்புலிகளைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த ஃபெம்கே புரூக்ஹூயிஸ் 2018-இல் வெளியிட்ட கட்டுரை இதை எண்களில் காட்டியது. பயணிகள் குறைவாக வரும் இடங்களில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் வளர்ந்து பிழைத்தன. வண்டிகள் மொய்க்கும் இடங்களில் 0.2. ஐந்து தாய்கள் ஈன்றால் ஒரே ஒரு குட்டி மிஞ்சுகிறது. இந்தியாவில் இந்த இனம் அற்றுப்போனதாக 1952-இல் அறிவித்துவிட்டு, 2022-இல் நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகளைக் கொண்டுவந்து, மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் பிறக்கும் ஒவ்வொரு குட்டியையும் செய்தியாகப் படிக்கிறவர்கள் நாம். மாராவின் குட்டிகள் மட்டும் நமக்கு எப்படிப் பொருட்டில்லாமல் போகும்?

விதிகள் இல்லாமலில்லை. ஒரு விலங்கருகே ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் விலக வேண்டும், 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், தடத்தை விட்டு இறங்கக் கூடாது. மாராவின் பல பகுதிகள் கரிசல் மண். மழைக்காலத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் அந்தப் பள்ளம் எவ்வளவு காலம் கிடக்கும் என்பதைக் கோவில்பட்டிப் பக்கத்து உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 1,510 சதுர கிலோமீட்டர் பரப்பில் எல்லா இடத்திலும் வனக்காவலர் நிற்க முடியாது. எல்லா வண்டியிலும் இருப்பவர்கள் பயணிகள்தாம்.

ஓட்டுநர்மேல் பழி போடுவது எளிது. எங்கள் ஓட்டுநர் அன்று கும்பலுக்குப் பின்னால் தள்ளியே நிறுத்தினார். "ஏற்கெனவே நிறைய வண்டிகள்" என்றார். சகோதரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு செலவழித்தது முதுகைப் பார்க்கவா என்று கேட்டார்கள். அந்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேசாமலிருந்தார். அவர் வருமானத்தில் ஒரு பங்கு நாம் கடைசியில் கொடுக்கும் டிப்ஸ். அவரைப் பற்றி நாம் எழுதும் நாலு வரி அடுத்த வேலையைத் தீர்மானிக்கும். அந்த நிலையில் இருப்பவரிடம் "கிட்டே போங்கள்" என்பது வேண்டுகோள் ஆகாது, கட்டளை. கல்லூரி மாணவிதான் "அவர் சொல்வதைக் கேட்போமே" என்றாள். அவளுடைய அம்மாவும் ஓய்வுபெற்ற பெரியவரும் ஆமோதித்தார்கள். சகோதரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் வண்டி திரும்பியது.

அதன்பிறகு ஓட்டுநர் வேறு மனிதராகிவிட்டார். முள்மரம் ஒன்றின் அருகே நிறுத்தி, கிளையில் உருண்டையாகப் புடைத்திருந்த முட்களைக் காட்டினார். உள்ளே எறும்புகள் குடியிருக்கின்றன. மரத்தைத் தின்ன வரும் யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் அவை விரட்டுகின்றன. எறும்பு போட்ட துளைகளில் காற்று புகுந்தால் மரம் விசிலடிக்கிறது. அதைக் கேட்க என்ஜினை அணைத்தார். லென்ஸ் வைத்திருந்த தம்பி அந்த முட்களைத்தான் வெகுநேரம் படமெடுத்தார்.

பயண நிறுவனத்தாரே, உங்களிடம் சில வேண்டுகோள்கள். விளம்பரத்தில் "சிங்கம், சிறுத்தை உறுதி" என்று போடாதீர்கள்; அந்த உறுதியைக் காப்பாற்ற அலைபவர் ஓட்டுநர். அவருக்குரிய அன்பளிப்பைக் கட்டணத்திலேயே சேர்த்து, கண்ணில் பட்ட விலங்குகளோடு முடிச்சுப் போடாமல் கொடுங்கள். முடிந்தால் ஒரு இரவாவது மாசாய் மக்களின் சொந்த நிலத்தில் நடக்கும் நபோயிஷோ, ஓலாரே மோட்டோரோகி போன்ற காப்பு நிலங்களில் தங்கவையுங்கள். அங்கே நிலத்துக்கு உரியவர்களுக்குக் குத்தகைப் பணம் போகிறது, வண்டிகளுக்கும் வரம்பு உண்டு. 2020 ஜூன் முதல் கென்யாவின் காப்பகங்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதையும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலோடு வாயிலில் நிற்க வேண்டாம்.

பயணிகளே, மாரா ஆற்றங்கரையில் இன்னும் பொறுமை வேண்டும். வில்டபீஸ்ட் கூட்டம் இறங்கும் துறையை வண்டிகள் அடைத்துக்கொண்டால் அது மணிக்கணக்கில் தயங்கி நிற்கும், அல்லது செங்குத்தான வேறு கரையில் குதிக்கும். கூட்டம் இறங்கத் தொடங்கும்வரை தள்ளியே நில்லுங்கள். வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

முதல் நாள் காலை, வண்டி வாயிலைத் தாண்டுவதற்கு முன், உங்களோடு ஏறியிருப்பவர்களைக் கேட்டு ஒப்புக்கொள்ளச் செய்து, ஓட்டுநரிடம் எல்லோர் முன்னிலையிலும் இப்படிச் சொல்லுங்கள்: "ஐந்து வண்டிகள் நின்றால் நாம் போக வேண்டாம். எதையும் பார்க்காமல் திரும்பினாலும் உங்களுக்குச் சேர வேண்டியது குறையாது."

அன்புடன்,
மாராவைப் பார்த்து வந்த ஒரு பயணி