மழை பெய்யும் என்றால், எந்த மழை?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன சிறுபோக வெட்டு முடிந்த கையோடு 32 மூடை ஈர நெல்லை வெல்லாவெளிப் பக்கம் வீதியோரத்தில் காயப்போட வைத்திருந்தேன். ‘கிழக்கு மாகாணத்தில் சில இடங்களில் பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் மழையோ அல்லது இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும்’ என்று மூன்று நாளும் வானிலை அறிவித்தலில் சொன்னார்கள். மூன்று நாளும் மூடையை அவிழ்க்காமல் காத்திருந்தோம். ஒரு துளி விழவில்லை. உள்ளே நெல் சூடேறி மணக்கத் தொடங்கிவிட்டது. நாலாம் நாள் படங்கை விரித்துக் கொட்டினோம். நாலரை மணிக்கு ஊற்றியது பாருங்கள், கூட்டி அள்ளக்கூட நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பக்கத்து மண்டூரில் வீதி காய்ந்து கிடந்ததாம்.

அறிவித்தல் பிழை என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ‘சில இடங்களில்’ என்றுதான் சொன்னார்கள், சில இடத்தில்தான் பெய்தது. ஆனால் ஆவணியில் வரும் மழையும் மார்கழியில் வரும் மழையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே வசனத்தைப் போட்டால் வேளாண்மைக்காரன் அதை வைத்து என்ன செய்வான்?

ஆவணியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். அது கடலிலிருந்து ஈரத்தோடுதான் வருகிறது. மலைநாட்டில் ஏறும்போது குளிர்ந்து, அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடுகிறது. எங்கள் கோடை அப்படித்தான் வருகிறது. என்றாலும் உச்சி வெயிலில் தரை கொதிக்கும்போது அதன் மேலுள்ள காற்று குமிழி குமிழியாகக் கிளம்பும். மேலே போகப் போக விரியும், விரிய விரியக் குளிரும். ஈரம் திரளும்வரை கிலோமீற்றருக்குப் 10 பாகை அளவில் குளிர்கிறது. ஓர் உயரத்தில் நீராவி தூசியிலும் புகையிலும் கடலுப்பிலும் ஒட்டித் துளியாகிறது. அதுதான் முகிலின் அடி, பலகை வைத்து வெட்டியதுபோல மட்டமாக இருக்கும். பகல் பதினொரு மணிக்குப் பஞ்சுப் பொதிபோல நிற்பது, இரண்டு மணிக்கு மேற்கே மகாஓயாப் பக்கம் கோபுரமாக எழும்பி, தலை கம்மாலைப் பட்டடைபோலத் தட்டையாகிவிட்டால் மழை நிச்சயம். அப்புறம் ஒரு குளிர்காற்று முந்திக்கொண்டு ஓடி வரும். அது உடம்பில் பட்டபின் படங்கை மூடப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. பாடப்புத்தகத்தில் இதை மேற்காவுகை மழை என்பார்கள். ஒரு முகில் நனைக்கிற நிலம் சில கிலோமீற்றர் அகலம்தான். எந்த ஊருக்குமேல் திரளும் என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது. இதை மட்டும் எங்களுக்கு எடுத்துச் சொன்னால் போதும், நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொள்வோம்.

ஆலங்கட்டி விழுவதும் இந்த முகிலிலிருந்துதான். சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதப் பின்னேரம் எங்கள் வளவில் கொய்யா இலையெல்லாம் கிழியக் கிழிய ஐஸ் விழுந்தது. பிள்ளைகள் பொறுக்க ஓடினார்கள். ‘தொடாதே, நஞ்சு, யாரோ மருந்து தூவிப் பெய்விக்கிற மழை’ என்று அயலில் சத்தம் போட்டார்கள், இரவுக்குள் அது தொலைபேசிகளிலும் சுற்றியது. நான் புளியங்கொட்டை அளவில் ஒன்றை எடுத்து, பாக்குவெட்டியால் இரண்டாக்கிப் பார்த்தேன். நடுவில் வெள்ளை, அதைச் சுற்றிக் கண்ணாடி, பிறகு மீண்டும் வெள்ளை, வெங்காயம்போல. எங்கள் வானத்தில் ஏறக்குறைய 5 கிலோமீற்றருக்கு மேலே உறைகுளிர். அங்கே உறையாமல் மிதக்கிற துளிகள் சிறு ஐஸ் மணியில் மோதி ஒட்டுகின்றன. சட்டென்று உறைந்தால் காற்றுக் குமிழி சிக்கி வெள்ளையாகிறது, மெதுவாக உறைந்தால் தெளிவாகிறது. கீழிருந்து மேலே வீசும் காற்று தாங்கும்வரை அந்த மணி வளரும், தாங்காதபோது விழும். வெயில் கடுமையான மாதத்தில்தான் மேலெழும் அந்தக் காற்றுக்குப் பலம் அதிகம். அதில் நஞ்சும் இல்லை, மருந்தும் இல்லை. பெரும்பாலான நாட்களில் அந்த ஐஸ் வரும் வழியிலேயே கரைந்து, பெரிய பெரிய துளியாக நம் தலையில் விழுகிறது. கனடாவில் இருக்கும் என் தங்கை மகள் மரக்கிளையெல்லாம் கண்ணாடி பூசியதுபோன்ற படம் அனுப்புவாள். அங்கே நிலத்தோடு ஒட்டி மெல்லிய குளிர்காற்றுப் படலம் கிடப்பதால், மழையாகவே விழுகிற துளி கிளையில் பட்டவுடன் உறைகிறது.

மார்கழி மழை வேறு. வாடைக்காற்று வங்கக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். வானம் முழுக்கச் சாம்பல் போர்வையாகப் படைமுகில். இடி குறைவு, ஆனால் விட்டுவிட்டு நாள்கணக்கில் பெய்யும். ஒரு முகில் துளியின் அகலம் மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படிப் பத்து லட்சம் துளி சேர்ந்தால்தான் ஒரு நல்ல மழைத்துளி. அந்த மழைக்கு வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்ற பேதம் இல்லை. இதோடு ஒரு தாழமுக்கமும் சேர்ந்தால் குளம் வான்பாயும், வயல் வட்டை கடலாகும். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியில் எனக்குப் பன்னிரண்டு வயது. 2011 தை வெள்ளத்தில் கதிர் பறிந்த வேளாண்மை அழுகியது. அந்த நாட்களில் ‘மழை பெய்யக்கூடும்’ என்ற ஒரு வரி போதவே போதாது.

ஆகவே உங்கள் பத்திரிகையிடம் கேட்பது இதுதான். வானிலைப் பெட்டியில் இரண்டு வரி கூட்டுங்கள். வரப்போவது பின்னேரத்தில் திரண்டு பெய்யும் மழையா, வாடை மழையா, தாழமுக்க மழையா என்பதை வளிமண்டலவியல் திணைக்களத்தாரிடம் கேட்டு ஒரு வரியில் போடுங்கள். முதல் நாள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எங்கெங்கே எத்தனை மில்லிமீற்றர் பதிவானது என்று இன்னொரு வரி. மில்லிமீற்றர் யாருக்கு விளங்கும் என்று நினைக்க வேண்டாம். சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் என்றால் 1 லீற்றர் தண்ணீர். 25 மில்லிமீற்றர் பெய்தால் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய ஒரு லட்சம் லீற்றர், அதாவது 5,000 லீற்றர் பவுசரில் இருபது. இப்படிச் சொன்னால் எங்கள் வட்டையில் விளங்காத ஆள் இல்லை.

நேராக நிற்கும் பழைய பால்மா டின் ஒன்றை வெளி முற்றத்தில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் அளந்து சீ.ஆர். கொப்பியில் எழுதிவருகிறேன். தேவையென்றால் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன். ஐப்பசியில் பெரும்போக விதைப்புத் தொடங்கிவிடும். முளை நெல்லை எறிந்த இரவே பெருமழை பெய்தால் விதை வாய்க்காலோடு போய்விடும். அதற்கு முன்னர் அந்த இரண்டு வரியும் வரட்டும்.

வேளாண்மைக்காரன்,
போரதீவுப்பற்று.