பழைய வினாத்தாளை எழுதிப் பழகுவது பற்றி: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பொங்கல் கழிந்ததும் திருப்புதல் தேர்வுகள் வரும். நம் பக்கம் சம்பா அறுவடையும் அதே நாட்களில்தான். அதனால் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்: பொதுத்தேர்வு வரை ஞாயிறுதோறும் காலை 10 மணியிலிருந்து 1.15 வரை பிள்ளையைக் களத்துக்கும் கடைக்கும் அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு பழைய வினாத்தாளை முழுதாக எழுதட்டும். பொதுத்தேர்வும் அதே நேரம்தான். முதல் 10 நிமிடம் வினாத்தாளைப் படிக்க, அடுத்த 5 நிமிடம் விவரம் சரிபார்க்க, 10.15க்கு எழுதத் தொடங்க வேண்டும்.

பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பு என்று விற்பதை வாங்க வேண்டாம். இப்போதுள்ள பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகம் 2019-20இல் வந்தது. அதற்கு முன் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இரண்டிரண்டு தாள்கள். கணக்கில் 10 மதிப்பெண் வினாக்கள். அந்தத் தாள்களை எழுதினால் நேரக்கணக்கே தப்பாகப் பழகிவிடும். 2020, 2021இல் பொதுத்தேர்வு நடக்கவில்லை. 2022இல் நடந்தது குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில். அதை முதல் வாரப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். 2023 முதல் வந்த தாள்களும், அந்த ஆண்டுகளின் துணைத் தேர்வுத் தாள்களும் போதும். நகல் பள்ளியிலேயே தருகிறோம்.

"போன வருஷம் வந்துவிட்டது, இந்த வருஷம் வராது" என்று பாடத்தை ஒதுக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. இதை நீங்களும் கண்டிக்க வேண்டும். கணக்கில் 28ஆம் வினாவும் 42ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். ஒதுக்கிய பாடத்திலிருந்து அவை வந்தால் 7 மதிப்பெண் போய்விடும்.

கணக்குத் தாளுக்கு 180 நிமிடத்தை இப்படிப் பிரிக்கச் சொல்லியிருக்கிறோம்: ஒரு மதிப்பெண் வினா 14க்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண் வினா 10க்கு 35, ஐந்து மதிப்பெண் வினா 10க்கு 80, வடிவியலும் வரைபடமும் சேர்த்து 35, மீதி 15 நிமிடம் சரிபார்க்க. பலர் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றிலேயே 20 நிமிடம் மாட்டிக்கொள்கிறார்கள். 10 நிமிடத்தில் விடை வராவிட்டால் இடம் விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். போட்ட படிகளுக்கு மதிப்பெண் உண்டு, ஆகையால் அடித்துவிடக் கூடாது.

வடிவியல், வரைபடம் இரண்டுக்கும் 16 மதிப்பெண். படிப்பில் பின்தங்கிய பிள்ளையும் பழகி வாங்கிவிடக்கூடிய மதிப்பெண் இது. போகிற இடங்கள் தெரிந்தவைதான்: உதவிப்படம் போடாதது, வரைமுறை எழுதாதது, அளவுத்திட்டத்தைக் குறிக்காதது, பரவளையப் புள்ளிகளை வளைகோடாக இணைக்காமல் ஸ்கேலால் இணைப்பது. பென்சில், காம்பஸ், வரைபடத்தாள் மூன்றும் ஞாயிற்றுக்கிழமை மேசையில் இருக்க வேண்டும். "அதைப் பிறகு போடுகிறேன்" என்று விட்டால் அன்றைய பயிற்சியே வீண்.

அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு. செய்முறையில் 25 முழுதாக வாங்கினாலும் எழுத்தில் 20 எடுத்தால்தான் தேர்ச்சி.

எழுதி முடிக்கும்வரை விடைக்குறிப்பு பிள்ளையின் கையில் இருக்கக் கூடாது. பார்த்துக்கொண்டே எழுதினால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தேர்வறையில் கை ஓடாது. முடிந்தபின் சிவப்பு மையால் திருத்தி, ஒவ்வொரு தவற்றுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும்: பாடமே தெரியவில்லையா, தெரிந்தும் குறியையோ எண்ணையோ மாற்றி எழுதினோமா, நேரம் போதவில்லையா. முதலாவதற்குப் பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டும், இன்னொரு தாள் எழுதிப் பயனில்லை. இரண்டாவதற்கு அதே கணக்கை மறுநாள் பார்க்காமல் போட வேண்டும். மூன்றாவது, வாராவாரம் கடிகாரம் வைத்து எழுத எழுதத்தான் சரியாகும். இரண்டு வாரம் கழித்து அதே தாளைத் திரும்ப எழுதட்டும். புதிதாகப் பத்துத் தாள் புரட்டுவதைவிட நான்கு தாளை இப்படி இரண்டு முறை எழுதுவதையே நான் விரும்புகிறேன்.

உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. கடிகாரத்தை எதிரே வையுங்கள், கைபேசியை வாங்கி வையுங்கள், 1.15க்குத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் சிவப்பு மை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு திருத்தம்கூட இல்லாத தாள் என்றால், பெரும்பாலும் திருத்தவே இல்லை என்று பொருள்.

அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் ஞாயிறு முடியாது என்றால் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் சனிக்கிழமை பள்ளியிலேயே எழுத அறை ஒதுக்குகிறோம். நகல்களை வெள்ளிக்கிழமை மாலை கொடுப்போம். திருத்திய விடைத்தாள் திங்கள் காலை பாட ஆசிரியரின் மேசைக்கு வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்